நடுத்தெருவுக்கு நாலாவது பெயர்

எறும்புகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மழை வரப்போகிற ஒரு மத்தியானம், புற்றூரின் நடுத்தெரு முனையில் மாடக்கண்ணுவைப் பிடித்து மூன்று கூட்டத்தார் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எறும்புக்கு ஆறு கால். கூட்டத்துக்கு இரண்டு கால் கிடைத்தது.

“புதுப்பேரை இப்பவே பூசும்வே!” என்றார்கள் மேட்டுக்காரர்கள்.

“எங்க ஆளு பேரை விட்டுட்டு வேற பேரை எவன் பூசுதான்னு பாக்கோம்!” என்றார்கள் பள்ளத்துக்காரர்கள்.

“இருக்குத பேரை எவனாவது தொடட்டும், அப்புறம் தெரியும் சேதி!” என்றார்கள் வேர்ப்பக்கத்தார்.

“காலை விடுங்கய்யா. ஆறும் எனக்கு வேணும்,” என்றான் மாடக்கண்ணு.

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படத் தெம்பு வேண்டும். ஒரே தெருவுக்கு மூன்று தடவை பெயர் பூசியவன் அவன். இப்போது நாலாவது.

புற்றூர் என்பது மூன்று புற்றுகள் ஒன்றாய்ச் சேர்ந்த ஊர். மேட்டுப்புற்று, பள்ளத்துப்புற்று, வாகைமரத்து வேரடியில் இருந்த வேர்ப்புற்று. சேர்ந்த பிறகு ஒரே ராணி, ஒரே முட்டை அறை. மூன்று பக்கத்தாரும் போய்வருகிற வழியும் ஒன்றுதான். அதுதான் நடுத்தெரு. கீழே முட்டை அறையில் தொடங்கி, வளைந்து வளைந்து ஏறி, மேட்டறையில் போய் முடியும். மழை வந்தால் முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு மேட்டறைக்கு ஓட வேண்டும். அந்த ஊரில் உருப்படியான வேலை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பேச்சு.

பெயர் இல்லாத தெருவில் அந்தக் காலத்து எறும்புகள் கால் வைக்க மாட்டார்கள். மண்ணுக்குள் கும்மிருட்டு. எழுதிவைத்தால் யார் பார்ப்பது? அதனால் பெயரை வாசத்தில் வைத்தார்கள். யார் பெயரோ, அவர் உயிரோடு இருந்தபோது எப்படி வாசம் அடித்தாரோ, அதை அப்படியே தன் வயிற்றுநீரில் கூட்டி, வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டே தெரு நெடுகப் பூச வேண்டும். அது தெரிந்தவன் ஊரில் மாடக்கண்ணு ஒருத்தன்தான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அந்தத் தெருவில் நடந்தால் பெயரைப் பார்த்த மாதிரி இருக்காது. அந்த ஆளே நமக்கு முன்னால் நடந்து போகிற மாதிரி இருக்கும்.

முதலில் அது கொம்பையா தெரு. கொம்பையா மேட்டுக்காரன். பெருமழை ஒன்றில் தண்ணீர் கீழ்வாசல் வழியாக உள்ளே புகுந்தபோது, அவன்தான் மண்ணை உருட்டி வாசலை அடைத்தான். ஊர் பிழைத்தது. வாசலுக்கு அந்தப் பக்கம் பள்ளத்துக்காரர் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்கள் பிழைக்கவில்லை.

“அவன் அடைக்கலைன்னா இன்னைக்கு நீயும் இல்ல, நானும் இல்ல,” என்றார்கள் மேட்டுக்காரர்கள்.

“எங்க அப்பன் அந்தப் பக்கத்துலேருந்து கத்துனது அவனுக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டேதான் அடைச்சான். தினமும் சாப்பாடு தேடப் போறப்ப அவன் பின்னாலேயே நாங்க நடக்கணுமா?” என்றார்கள் பள்ளத்துக்காரர்கள்.

இரண்டும் உண்மை. தொல்லையே அதுதான். ஒன்று பொய்யாக இருந்திருந்தால் அரை நாளில் முடிந்துபோயிருக்கும்.

நாற்பது பேரின் பிள்ளைகள் முட்டை தூக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் பெயரை மாற்றச் சொல்லி ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. ஊர்க்கூட்டம் என்றால் ரொம்ப நேரம் கத்திவிட்டு, யாருக்குத் தொண்டை கட்டவில்லையோ அவர் சொன்னதை எடுத்துக்கொள்வது. மாடக்கண்ணு கொம்பையாவின் மேல் வெள்ளைத்தாயின் வாசத்தைப் பூசினான்.

வெள்ளைத்தாய் பள்ளத்துக்காரி. அடைத்த வாசலைத் தன் வாயாலேயே தோண்டி, அந்த நாற்பது பேர் போக உயிரோடு சிக்கியிருந்த ஒன்பது பேரை வெளியே இழுத்தவள். பல் தேய்ந்து, கடைசிவரை கஞ்சித்தண்ணீரிலேயே காலம் தள்ளியவள். இவள் பெயரை யார் என்ன சொல்ல முடியும்?

வேர்ப்பக்கத்தார் சொன்னார்கள். பஞ்ச காலத்தில், மூன்று புற்றும் தனித்தனியாக இருந்தபோது, வேர்ப்புற்றுக்குள் புகுந்து முட்டைகளைக் கொள்ளையடித்துப் போன கூட்டத்துக்குத் தலைவி இதே வெள்ளைத்தாய்தான். கொண்டுபோன முட்டைகளில் பாதியை வளர்த்தாள். பாதியைத் தின்றாள்.

“பஞ்சம்லா அப்ப!” என்றார்கள் பள்ளத்துக்காரர்கள்.

“எங்களுக்கும் பஞ்சம்தான். நாங்க உங்க முட்டையைத் தின்னமா?”

மறுபடியும் கூட்டம். மறுபடியும் கத்தல். மாடக்கண்ணு வெள்ளைத்தாயின் மேல் சப்பாணிமுத்துவைப் பூசினான். வேர்ப்பக்கத்துச் சப்பாணிமுத்து, ஒரு காலை இழுத்து இழுத்து மூன்று புற்றுக்கும் நடந்து, சமாதானம் பேசி, ஊரை ஒன்றாக்கியவன். அவன் பெயர் நாற்பது நாள்கூடத் தாங்கவில்லை. சமாதானத்துக்கு ஒத்துவராத ஆறு பேர் ஒளிந்திருந்த இடத்தைப் பல்லிக்குக் காட்டிக்கொடுத்தது அவன்தான் என்று மேட்டுக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த ஆறு பேரும் மேட்டுக்காரர்கள். விசாரித்தால், அதுவும் உண்மை.

மாடக்கண்ணுவுக்கு வயிறு சுருங்கி, அடித்தோல் தேய்ந்து, நடந்தாலே எரிந்தது. ஒரு பெயர் பூச எடுக்கும் வயிற்றுநீர் மறுபடி ஊற ஒரு மாதம் ஆகும். ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். எப்பவே முடிப்பீரு?

இன்னொன்றையும் அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. பூசிய பெயர் அழியாது. மேலே புதுசு பூசினால் பழசு அடியில் கிடக்கும். காய்ந்த நாளில் தெரியாது. ஈரம் பட்டால் எல்லாம் கிளம்பி மேலே வந்துவிடும்.

போன வாரத் தூறலில் அது நடந்தது. மாடக்கண்ணுவின் தங்கை பிச்சம்மா முட்டை தூக்குகிறவள். மற்றவர்களோடு ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு நடுத்தெருவில் ஏறினாள். பாதி வழியில் கொம்பையா வாசம் அடித்தது. நான்கு அடி தள்ளி வெள்ளைத்தாய். திரும்பினால் சப்பாணிமுத்து. இது மூன்று தெரு கூடுகிற சந்தியாக்கும் என்று நினைத்து முன்னால் போனவள் திரும்பினாள். அவள் பின்னால் வந்தவள் அவளைப் பார்த்துத் திரும்பினாள். இப்படியே ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் பதினோரு பேர் வட்டமாகச் சுற்றினார்கள். தூறல் விடும்வரை சுற்றினார்கள். நனைந்த முட்டை பதினொன்றும் ஊறிப்போய்விட்டன.

பிச்சம்மா வீட்டுக்கு வெறும் வாயோடு வந்தாள்.

“யண்ணே, தெருவு ஒண்ணுதான? எனக்கு மூணா இருந்துச்சு.”

“ஒண்ணுதான்.”

“அப்புறம் ஏன் அப்படி?”

“நான்தான் பூசுனேன்,” என்றான் மாடக்கண்ணு.

இப்போது மத்தியானக் கதைக்கு வருவோம். ஊர்த்தலைவர் அணைஞ்சபெருமாள் வந்த பிறகுதான் மாடக்கண்ணுவின் காலை விட்டார்கள். அணைஞ்சபெருமாள் கெட்டவர் இல்லை. யாரும் தன்னைத் திட்டக்கூடாது என்று நினைக்கிறவர், அவ்வளவுதான்.

“இனி ஆளு பேரே வேண்டாம்வே,” என்றார். “ஆளுன்னு இருந்தா அழுக்குன்னு இருக்கும். ‘நல்லோர் தெரு’ன்னு பூசிரும். எல்லாருக்கும் பொது. எவனுக்கும் பேச வாயில்ல.”

“நல்லோர்னா யாரு?” என்று உடனே ஒருத்தன் கேட்டான்.

“எங்க ஆளுகதான்!” என்று மூன்று பக்கத்திலிருந்தும் சத்தம் வந்தது. மறுபடியும் தொடங்கிவிட்டது.

“தலைவரே, நல்லோருக்கு என்ன வாசம்?” என்றான் மாடக்கண்ணு.

அணைஞ்சபெருமாள் மீசையைத் தடவினார். “எல்லாருதையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து விடும்.”

“ஏற்கெனவே அப்படித்தான் நாறுது.”

“குதர்க்கம் பேசாதியும். மழைக்கு முன்னால முடிக்கணும். பேரு ஒண்ணு நிலைச்சாத்தான் மூணு பக்கத்தானும் முட்டை தூக்க வாரேங்கான். நீரு பூசலைன்னா ஊரு முட்டை பூரா போச்சு. சொல்லிட்டேன்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த ஊரில் எல்லாரிடமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் மாடக்கண்ணுவுக்கு அலுத்துவிட்டது.

அவன் முட்டை அறை வாசலுக்கு வந்தான். உள்ளே ராணி வழக்கம்போல முட்டையிட்டுக்கொண்டிருந்தாள். தெருவுக்கு என்ன பெயர் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. பிச்சம்மா முட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் வயிற்றை அமுக்கிப் பார்த்தான். ஒரு தடவை பூசலாம். அதற்கு மேல் ஒரு சொட்டு இருக்காது.

அப்போது மேலே இடி இடித்தது. மண் அதிர்ந்தது. சுவர் வேர்க்க ஆரம்பித்தது. சுவர் வேர்த்ததும் கொம்பையா கிளம்பினான். வெள்ளைத்தாய் கிளம்பினாள். சப்பாணிமுத்து காலை இழுத்துக்கொண்டு கிளம்பினான். செத்துப்போன மூன்று பேரும் அந்தக் குறுகிய தெருவில் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

“யண்ணே, வந்துட்டு மழை! நல்லோரைப் பூசப்போறியா?”

“இல்ல.”

“பின்ன?”

“நீ முட்டையை எடு. ஒண்ணுமே கூட்டாம வெறும் நீரை இழுத்துட்டுப் போறேன். அதுல யாரு வாசமும் இருக்காது. மூக்கை அதுலயே வச்சு எம் பின்னால வா. வேற எந்த வாசம் அடிச்சாலும் திரும்பாத. எல்லார்ட்டயும் சொல்லு.”

பிச்சம்மா முட்டையைக் கவ்வப் போனவள் நின்றாள்.

“சின்னக்குழியில ஏழு பேர் இருக்காவளே.”

சின்னக்குழி என்பது முட்டை அறைக்கும் கீழே, கடைசி வளைவு. நடக்கமாட்டாத கிழடுகள் அங்கேதான் கிடந்தார்கள். மூன்று பக்கத்து ஆளும் அதில் உண்டு.

“தெரியும்,” என்றான்.

“அங்கேருந்து இழுத்துட்டு வந்தா என்ன?”

“அங்கேருந்து ஆரம்பிச்சா மேட்டறைக்கு எட்டாது. பாதியில வயிறு காஞ்சிரும். முட்டையெல்லாம் நடுவழியில நிக்கும்.”

“அப்ப அவிய?”

மாடக்கண்ணு சின்னக்குழிப் பக்கம் திரும்பிக் கத்தினான். “தண்ணி வருது! மேல வாங்க! முட்டை அறை வாசல் வரைக்கும் வந்துட்டா கோடு கெடக்கும்! அதைப் பிடிச்சு வாங்க!”

“வாரோம்டே! வாரோம்டே!” என்று கீழேயிருந்து ஒரு கிழவரின் குரல் வந்தது. “மெதுவாத்தான் வர முடியும். நீ போ.”

அவன் போனான்.

வயிற்றைத் தரையில் அழுத்தி இழுத்தான். எரிந்தது. கொம்பையா தெருவா, வெள்ளைத்தாய் தெருவா என்று அவன் பார்க்கவில்லை. மழை இறங்கிய பிறகு பெயர் கேட்டு நிற்க யாருக்கும் நேரமில்லை. பின்னால் பிச்சம்மா. அவள் பின்னால் மேட்டுக்காரி ஒருத்தி. அவள் பின்னால் வேர்ப்பக்கத்தான். முட்டையைக் கவ்விய வாயால் யாரும் பேச முடியாது. அன்றைக்கு ஊரில் சத்தமே இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம். ஒற்றுமை கிற்றுமை ஒன்றும் கிடையாது. ஒருத்தன் பின்னால் ஒருத்தனாக ஒரே கோட்டில் வந்தார்கள். மேட்டறை வாசல்படியில் மாடக்கண்ணுவின் வயிறு வறண்டுபோனது. ஆனால் வந்து சேர்ந்துவிட்டான். போன வழியிலேயே திரும்பி ஓடி, மறுபடி மறுபடி தூக்கி, ராணியையும் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். அத்தனை முட்டையும் மேலே வந்தது. ஒன்றுகூடப் போகவில்லை. கடைசி முட்டையை எடுத்தபோது கீழேயிருந்து ஏறிய தண்ணீர் அறை வாசலைத் தொட்டிருந்தது.

மறுநாள் வெயில் வந்து, தண்ணீர் வடிந்த பிறகு சின்னக்குழிக்காரர்களைத் தேடிப் போனார்கள். ஏழு பேரும் குழியில் இல்லை. நடக்கமாட்டாதவர்கள் எப்படியோ நடந்து, முட்டை அறைக்குக் கொஞ்சம் கீழே வரை ஏறியிருந்தார்கள். நடுத்தெருவிலிருந்து வடிந்த தண்ணீரோடு பழைய பெயர்களும் இறங்கி அங்கே சுவரெல்லாம் நின்றன. கோடு இன்னும் நான்கு முழம் மேலே இருந்தது. எறும்பு முழம்தான். ஏழு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக வட்டமாகக் கிடந்தார்கள்.

மாடக்கண்ணு அந்த வட்டத்தைப் பிரித்தான். பிறகு ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே வைத்தான். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம். மூன்று பக்கத்தாரும் வந்திருந்தார்கள். மாடக்கண்ணு ஓரமாகப் படுத்திருந்தான். இந்தத் தடவை கத்தல் இல்லை. அது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அணைஞ்சபெருமாள் தொண்டையைச் செருமினார். “நடுத்தெருவுக்குப் பேரு முடிவாயிட்டு. மாடக்கண்ணு தெரு.”

“ஆமா! ஆமா!” என்றார்கள் மேட்டுக்காரர்கள். பள்ளத்துக்காரர்களும் தலையாட்டினார்கள். வேர்ப்பக்கத்தாரில் ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து மூணு பக்கத்தானும் ஒரே பேரைச் சொன்னது இன்னைக்குத்தான்வே,” என்றார் அணைஞ்சபெருமாள். “விட்டுராதியும். உம்ம வாசம்தான? கூட்டக்கூட வேண்டாம். வயிறு ஊறுனதும் அப்படியே ஒரு இழுப்பு இழுத்து விட்டுரும்.”

“சின்னக்குழிக்காரங்களைக் கேட்டியளா?” என்றான் மாடக்கண்ணு.

“அவியதான் போயிட்டாவளே.”

“அவிய பிள்ளைக இருக்குலா.”

பின்வரிசையில் நான்கைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். யார் அவர்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

“அதை ஏன்யா இப்ப எடுக்கீரு?” என்றார் அணைஞ்சபெருமாள் மெதுவாக. “நீரு என்ன செய்ய முடியும்? உம்ம மேல என்ன தப்பு? ஊரே பிழைச்சிருக்கு.”

“கொம்பையாவுக்கும் இதைத்தான சொன்னாவ.”

“அவனும் நீரும் ஒண்ணாவே?”

“எனக்குத் தெரியல தலைவரே. எனக்கு அவிய சத்தம் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் போனேன். இன்னைக்கு இந்தப் பிள்ளைக சும்மா இருக்கும். நாளைக்கு இதுகளுக்குப் பிள்ளை வரும். அதுக எம் பின்னால தினமும் நடக்கணும். ஒருநா வந்து அழிங்கன்னு சொல்லும். நியாயமாத்தான் சொல்லும். வேண்டாம்னு இன்னொருத்தன் சொல்லுவான். அவன் சொல்லுததும் நியாயமாத்தான் இருக்கும். அப்ப எவன் வயித்தைத் தேய்க்கது?”

“பேரே இல்லாம எப்படிவே நடக்கது? எங்க போகுதுன்னு எப்படித் தெரியும்?”

“எதிர்ல வாரவன்ட்டக் கேளுங்க.”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அசதியில் உளறுகிறான் என்று நினைத்தார்கள். வயிறு ஊறட்டும், பூசிவிடுவான், இத்தனை நாள் சொன்னதைச் செய்தவன்தானே என்று கலைந்து போனார்கள். போகும்போது அணைஞ்சபெருமாள் அவன் முதுகில் தட்டிக்கொடுத்து, “ஒரு மாசம். ஞாபகம் இருக்கட்டும்,” என்றார்.

ஒரு மாதத்தில் வயிறு ஊறியது. மாடக்கண்ணு காலையில் எழுந்து, நடுத்தெரு வழியாக ஏறி, நிற்காமல் வெளியே போனான். வேலி ஓரத்தில் ஒரு வண்டு செத்துக் கிடந்தது. அங்கேயிருந்து புற்று வாசல்வரை வெறும் நீரை மெல்லிசாக இழுத்துவிட்டு வந்தான்.

வேர்ப்பக்கத்தான் ஒருத்தன் கோட்டை முகர்ந்து பார்த்துவிட்டு நின்றான். “இது யாரு தெரு?”

“யாரு தெருவும் இல்ல. அந்தக் கடைசியில வண்டு கெடக்கு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். வண்டு தீந்தா கோடும் காஞ்சிரும்.”

அவன் இரண்டடி போய்விட்டு, நம்பிக்கை இல்லாமல், எதிரே வாயில் வண்டுக்காலோடு வந்த பள்ளத்துக்காரியை நிறுத்தினான். அவள் வாயைத் திறக்க முடியாமல் மீசையால் அவன் மீசையைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பக்கம்தான், போ. அவன் போனான்.

அந்த மழைக்குப் பிறகுதான் எறும்புச் சாரைக்குப் பெயர் இல்லாமல் போனது. இரை இருக்கும்வரை கோடு இருக்கும், தீர்ந்தால் காய்ந்துவிடும். எதிரெதிரே வருகிற இரண்டு எறும்புகள், எத்தனை அவசரமானாலும், ஒரு நொடி நின்று தலையோடு தலை முட்டிக் கேட்டுவிட்டுத்தான் போகின்றன. மாடக்கண்ணுவை நடுத்தெருவில் தன் பெயரைப் பூசச் சொல்லியிருந்தார்கள். அவன் பூசவில்லை.